மூன்று மலைப் பல்லிகளும் என் மைத்துனனும்

மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து வந்தபோது துவைக்க வேண்டிய துணி எதையும் கொண்டுவரவில்லை. விடுதியிலிருந்து ஆம்பூருக்கு அவள் வருவதே பாதி துணிக்காகத்தான். வெறுங்கையோடு வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

“மாமா எங்க?”

அவளுடைய மாமா, அதாவது என் மனைவியின் தம்பி, எங்கள் தெருவிலேயே சில வீடுகள் தள்ளிக் குடியிருக்கிறான்.

“கறி வாங்கப் போய்க்கிறான். இன்னாடி விஷயம்?” என்றாள் என் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லாதபோது என் மகளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாடியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எதிர்பார்த்தபடியே கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள்.

“அப்பா, மாமா கொண்டாந்த பல்லி வாலெல்லாம் கலந்துபோச்சோன்னு கைடு கேக்குறாரு” என்றாள். “கலக்கலன்னு மார்கழிக்குள்ள நான் காட்டணும். இல்லன்னா தையிலேர்ந்து மாமாவுக்கு வேல இல்ல.”

இங்கே சில விஷயங்களை வரிசைப்படி சொல்லிவிட வேண்டும். நான் ஒரு ஷூ ஃபேக்டரியின் டெஸ்பாட்ச் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தப் பெட்டி எந்த நாளில் எந்த லாரியில் ஏறியது என்பதே பிழைப்பாக இருந்ததால், வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தத் தோல் பதனிடும் ஷெட் எப்போது வந்தது, எது எப்போது மூடியது, எந்தத் தெருவுக்கு முதலில் குழாய்த் தண்ணீர் வந்தது என்று நாலு பேரை விசாரித்து, நூலகத்தில் கிடைக்கும் பழைய புத்தகங்களோடு ஒப்பிட்டு எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. மனிதர்கள் தேதியை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தங்களுக்குத் தோதான வரிசையை வைத்துக்கொள்கிறார்கள். அதனால் யார் எதைச் சொன்னாலும் நான் முதலில் நம்புவதில்லை. என் மனைவி இதை வியாதி என்பாள்.

மகளின் படிப்பு கணிதம். பல்லி ஒரு சாக்குதான் என்பாள். எங்கள் பக்கத்துக் குன்றுகள் ஒவ்வொன்றும் ஒரு தீவு மாதிரி. நடுவில் வயல், ஹைவே, ஃபேக்டரி. பாறை இடுக்குகளில் பகலில் நடமாடும் சின்னப் பல்லிகள் ஒரு குன்றைவிட்டு இறங்கி இன்னொரு குன்றுக்குப் போவதில்லை. அப்படியே காலங்காலமாக இருந்து, குன்றுக்குக் குன்று தனி இனமாகிவிட்டன. எது எதிலிருந்து பிரிந்தது என்று வரைந்தால் அது இன மரம். அந்தப் பிரிவை யாரும் நேரில் பார்த்ததில்லை. பல்லியின் உடம்பில் உள்ள மரபணுக்களைப் பார்த்துத்தான் அதை ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு மரபணுவுக்கும் சொந்தமாக ஒரு வம்சாவளி இருக்கிறது. அது மரபணு மரம். இந்தச் சின்ன மரங்கள் அந்தப் பெரிய மரத்துக்குள் எப்படி அடங்கிக் கிடக்கின்றன என்று கணக்குப் போடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

கணக்குக்கு வால் வேண்டும். வனத்துறையில் அனுமதி வாங்கி, அணைக்கட்டுப் பக்கத்து மலை, ஆம்பூர் மலை, நாட்றம்பள்ளிக் குன்று என்று மூன்று இடங்களில் பல்லி பிடித்தார்கள். வால் நுனியை மட்டும் கத்தரித்து ஸ்பிரிட் குப்பியில் போட்டு, மலைக்கு ஒரு டப்பாவில் அடுக்கிவிட்டு, பல்லியை அதே பாறையில் விட்டுவிடுவார்கள். பிடிப்பதற்கு ஆள் தேவைப்பட்டபோது என் மைத்துனன் வேலையில்லாமல் இருந்தான். அவன் இருந்த தோல் ஃபேக்டரியில் ஷிஃப்ட்டைக் குறைத்துவிட்டார்கள். அந்த வயதுக்கு இன்னொரு ஃபேக்டரி அவனைப் புதிதாக எடுக்காது. மகள் தன் ஆராய்ச்சி கைடிடம் சொல்லி அவனை ஒப்பந்த உதவியாளனாகச் சேர்த்தாள். தொடர்ந்து இருந்தால் ஆய்வகத்தில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்ற பேச்சும் இருந்தது. “பல்லி புடிக்கிற வேலைக்குப் போறியா, அது இன்னா சொல்லுதுன்னு எங்களுக்கும் சொல்லு” என்று தெருவில் கேலி செய்தார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. பாறையில் அவன் கை வைத்தால் பல்லி தப்பாது.

கைடு சந்தேகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. சில மரபணுக்கள் அணைக்கட்டுப் பல்லியும் ஆம்பூர்ப் பல்லியும் நெருங்கிய சொந்தம் என்றன. சில, ஆம்பூரும் நாட்றம்பள்ளியும் சொந்தம் என்றன. இன்னும் சில, அணைக்கட்டையும் நாட்றம்பள்ளியையும் ஒன்றாக வைத்தன. முதல் சுற்றில் ஒவ்வொரு மரபணுவுக்கும் வேறு வேறு வாலை எடுத்திருந்தார்கள். குப்பிகள் மாறியிருந்தாலும் இதே குழப்பம்தான் வரும்.

“உங்க சொந்தக்காரர்னு தெரியும்மா, அதனாலதான் உங்ககிட்டயே கேக்குறேன்னாருப்பா” என்றாள் மகள். அந்த மரியாதைதான் அவளை அதிகம் குத்தியது.

எனக்கோ கைடைவிட அதிகச் சந்தேகம். காரணம், மைத்துனன் செய்துவந்த வேலை. அவன் அசார்ட்டிங் டேபிளில் இருந்தவன். பல ஷெட்களிலிருந்து வரும் தோலையெல்லாம் ஒரே மேசையில் விரித்து, கையால் தடவிப் பார்த்து, தரம் தரமாக அடுக்குவதுதான் அசார்ட்டிங். எந்தத் தோல் எந்த ஷெட்டிலிருந்து வந்தது என்பது அங்கே முக்கியமில்லை; மேசைக்கு வந்தபின் எல்லாம் தரத்தின்படி கலந்துவிட வேண்டும். அப்படியே பல வருடம் பழகிய கை, குப்பிகளை மட்டும் வந்த வரிசையில் விட்டுவைக்குமா? தவிர, அவனுக்குத் தன் கண்ணில் அபார நம்பிக்கை. “ஆட்டுத் தோல தொட்டா எந்த ஊர் ஆடுன்னு சொல்வேன் மாமா” என்பான். நாலு தடவையில் மூன்று தடவை சரியாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து.

கறியோடு வந்தவனை உட்காரவைத்துக் கேட்டேன்.

“அணைக்கட்டு டப்பாவ நீ எப்பப்பா வேலூர்ல குடுத்த?”

“அது... ஆயுத பூஜைக்கு மின்ன.”

“ஆயுத பூஜை அன்னைக்கு நீ மலையிலதான இருந்த? ஃபேக்டரி பூஜைக்குக் கூப்ட்டாங்க, வரலன்னு சொன்னியே.”

“அப்ப பின்னாடி. இன்னா மாமா இப்ப? டப்பா கவிழவே இல்ல.”

நான் கவிழ்ந்ததா என்று கேட்கவில்லை. எந்த நாள் என்றுதான் கேட்டேன். அதை அவனிடம் சொல்வதற்குள், கறி கழுவிக்கொண்டிருந்த என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

“டப்பா எங்க கவிழ்ந்துச்சு? கவிழவே இல்ல.”

இரண்டு பேர் தனித்தனியாக ஒரு சம்பவத்தைச் சொன்னால் ஒரு வார்த்தையாவது மாறும். பேசி வைத்திருந்தால்தான் மாறாது. நான் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் நன்றாகப் பேசி வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் சந்தேகம் எனக்கு ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை. மைத்துனன் கலக்கவில்லை என்றால் வேறு யார் கலந்திருப்பார்கள் என்றும் யோசித்தேன். அந்த வாரம் முழுவதும் யோசித்து ஒரு விடையும் கண்டுபிடித்தேன். ஆவாரம் பட்டை. தோல் பதனிட மலையடிவாரங்களிலிருந்து பட்டை மூட்டைகள் முன்பு மாட்டுவண்டியிலும் பிறகு லாரியிலும் வந்தன. நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஏறிய மூட்டையில் ஒரு பல்லி ஒளிந்திருந்து, ஆம்பூரில் மலையோரம் இருக்கும் ஷெட்டில் இறங்கியிருக்கக் கூடாதா? எந்தக் காலத்தில் எந்த வழியில் பட்டை வந்தது என்பதை வரிசையாக எழுதி வைத்திருந்தவன் நான். விஞ்ஞானத்துக்கு நானும் ஒரு கை கொடுக்கப்போகிறேன் என்று கொஞ்சம் பூரித்தும் போனேன்.

அடுத்த ஞாயிறு மகள் வந்ததும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “உன் லாரி வந்து எவ்ளோ நாளாச்சுப்பா?” என்றாள்.

“லாரிக்கு மின்ன வண்டி. நூறு வருஷத்துக்கு மேல.”

“இது மனுஷனே இந்தப் பக்கம் வராதப்போ நடந்தது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் காலண்டரை வைத்துக்கொண்டு வாதம் செய்கிறேன். அவள் காலண்டருக்கு வெளியே நிற்கிறாள். யாரும் பார்க்காத ஒன்றை இவ்வளவு தெம்பாகச் சொல்கிறார்களே என்று அவள் கணக்கின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. “அத எப்படி நம்புறது?” என்றேன்.

அவள் சுற்றிப் பார்த்து, அலமாரியில் கிடந்த தோல் கையுறை ஒன்றை எடுத்தாள். ஃபேக்டரியில் ரிஜெக்ட் ஆன பீஸ். சூடான பாத்திரம் இறக்குவதற்கென்று மனைவி வைத்திருந்தது. அம்மா பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கத்தரியால் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் உள்ள அடிப்பக்கத் தையலைக் கொஞ்சம் பிரித்தாள். இப்போது அந்த இரண்டு விரல்களும் உள்ளங்கைக்கு வருமுன் ஒரு சின்ன இடத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. மோதிர விரல் நேராக உள்ளங்கைக்கு வந்தது.

“இதான் இன மரம். ஆள்காட்டி விரல் அணைக்கட்டு, நடுவிரல் ஆம்பூர், மோதிர விரல் நாட்றம்பள்ளி. விரல் நுனி இன்னிக்கு. மணிக்கட்டுப் பக்கம் போகப் போகப் பழைய காலம். அணைக்கட்டும் ஆம்பூரும் கடைசியாத்தான் பிரிஞ்சுது, அதனால அது ரெண்டும் இந்தச் சின்ன ரூம்ல சேருது.”

பிறகு மூன்று விரல் நுனிகளிலிருந்தும் ஒவ்வொரு நூலை உள்ளே விட்டாள்.

“நூல்தான் மரபணுவோட வம்சாவளி. பின்னாடி போகப் போக ரெண்டு நூல் எங்கயாவது ஒரு பாட்டன்கிட்ட முடிச்சுப் போட்டுக்கும். அணைக்கட்டு நூலும் ஆம்பூர் நூலும் இந்தச் சின்ன ரூம்லயே சந்திச்சு முடிச்சுப் போட்டுட்டா, மரபணு மரமும் இன மரமும் ஒண்ணா இருக்கும். சரியா? ஆனா ரூம் சின்னது. அதுலயும் கூட்டம் ஜாஸ்தி. சந்திக்காமலே உள்ளங்கைக்கு வந்துட்டா?”

“அங்க மூணு நூலும் இருக்கும்.”

“அங்க எது எதோட மொதல்ல முடிச்சுப் போடும்?”

“எது வேணாலும்.”

“அவ்ளோதாம்பா. பல்லி எங்கயும் போவல. யாரும் யாரோடயும் கலக்கல. அதது அதது மலையிலதான் இருந்துச்சு. ஆனா சில நூல் ஆம்பூரையும் நாட்றம்பள்ளியையும் அண்ணன் தம்பின்னு காட்டும்.”

நான் கையுறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். இது வசதியான கதையாகவும் இருக்கலாம். எந்தக் குழப்பம் வந்தாலும் உள்ளங்கையில் நடந்தது என்று சொல்லித் தப்பித்துவிடலாமே. அதையே கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. கணக்குக்கும் கதைக்கும் அங்கேதான் வித்தியாசம் என்றாள். உள்ளங்கையில் எது எதோடு வேண்டுமானாலும் முடிச்சுப் போடலாம் என்றால், இரண்டு வகைத் தப்பு மரங்களும், அதாவது நாட்றம்பள்ளியை ஆம்பூரோடு சேர்ப்பதும் அணைக்கட்டோடு சேர்ப்பதும், ஏறக்குறைய சமமாக வர வேண்டும். என் பட்டை லாரி நாட்றம்பள்ளிப் பல்லியை ஆம்பூரில் இறக்கிவிட்டிருந்தால், ஆம்பூர்-நாட்றம்பள்ளி ஜோடி மட்டும் தூக்கலாக வரும். குப்பி மாறியிருந்தால் இரண்டும் இல்லை: மாறிய வால் முழுசாக இடம் மாறியிருக்கும். ஒரு பல்லியின் எந்த மரபணுவை எடுத்தாலும், லேபிளில் உள்ள மலையை விட்டுவிட்டு, வேறு மலைப் பல்லிகளோடுதான் போய் உட்காரும்.

“நூல்ங்க ஒண்ணுக்கொண்ணு முரண்பட்டா பயமில்ல. ஒரு வால்ல இருக்கிற எல்லா நூலும் ஒரே குரல்ல லேபிள் தப்புன்னு சொன்னாத்தான் சந்தேகப்படணும்” என்றாள்.

அதற்கப்புறம் நான் அவளோடு வாதம் செய்யவில்லை. சமையலறையிலிருந்து “என் கிளவுச எவ கிழிச்சது?” என்ற சத்தம் வந்தது காரணமல்ல.

இரண்டாவது சுற்றில் எல்லா வாலிலும் எல்லா மரபணுக்களையும் படித்தார்கள். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மைத்துனன் தினமும் சாயங்காலம் வந்து, மகள் போன் பண்ணினாளா என்று நேராகக் கேட்காமல், “வேலூர்ல மழையாமே” என்பது போல எதையாவது கேட்டுவிட்டுப் போவான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எதை மறைக்கிறான் என்ற கேள்வியும் விடவில்லை.

மகள் வந்தாள். இந்தத் தடவை துணி மூட்டையோடு வந்ததைப் பார்த்ததும் என் மனைவிக்கு மூச்சு வந்தது.

“தப்பு மரம் ரெண்டும் சரிசமமா வருது. கணக்கு சொன்ன அளவுக்குத்தான் வருது” என்றாள். “குழப்பம் பல்லியோடது, மாமாவோடது இல்ல.”

“பாத்தீங்களா?” என்றாள் மனைவி என் பக்கம் திரும்பி. “என் தம்பி மேல எப்பவும் உங்களுக்கு ஒரு கண்ணு.”

மைத்துனன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு வாலத் தவிர” என்றாள்.

நாட்றம்பள்ளி என்று லேபிள் ஒட்டிய ஒரு குப்பி. எந்த மரபணுவைப் பார்த்தாலும் அந்த வால் அணைக்கட்டுப் பல்லிகளோடுதான் சேர்ந்தது. அணைக்கட்டுப் பல்லிகளே வேறு பக்கம் சாய்ந்த மரபணுக்களில்கூட, இதுவும் அவற்றோடு சேர்ந்தே சாய்ந்தது. முரண் என்பதே இல்லை. அத்தனை சாட்சிகளும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

“டப்பா கவிழ்ந்துச்சா மாமா?” என்று கேட்டாள் மகள்.

“கவிழவே இல்லம்மா.”

“ஏம்ப்பா, குப்பி தானாவா நடந்து போச்சு?” என்றேன். “மூணு மலையையும் ஒண்ணாப் போட்டு உன் அசார்ட்டிங் வேலயக் காட்டிட்ட. ஒத்துக்கயேன்.”

இதைக் கேட்டதும் என் மனைவி வெடித்தாள். “அவன் இன்னா கண்ண மூடிக்கினா பிரிச்சான்? ஒவ்வொரு வாலையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துப் பாத்துத்தான சொன்னான்! அவன் சொல்ல நான் எழுதுனேன்!”

அவளே வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“அக்கா...” என்றான் மைத்துனன் மெதுவாக.

பிறகு எல்லாம் வந்தது, இந்த முறை வார்த்தைகள் மாறி மாறி. ஆயுத பூஜை முடிந்து மலையிலிருந்து இறங்கிய அன்று மழை. நாட்றம்பள்ளி டப்பாவையும் அணைக்கட்டு டப்பாவையும் ஒரே பையில் வைத்து பைக்கில் வந்திருக்கிறான். ஹைவேயில் ஒரு குழியில் வண்டி துள்ளி, பை கீழே விழுந்து, டப்பாக்கள் திறந்து குப்பிகள் உள்ளேயே கலந்திருக்கின்றன. வீட்டுக்கு வந்து பார்த்தால் சில மூடிகள் கசிந்து, ஸ்பிரிட் பட்ட இடமெல்லாம் பேனா மை கரைந்திருந்தது. நான் நூலகத்தில் இருந்த நேரம் அது. அக்காவும் தம்பியும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள். பெரும்பாலான லேபிள்களைப் படிக்க முடிந்தது. மூன்று குப்பிகளில் மட்டும் எழுத்தே இல்லை.

“அணைக்கட்டு வால்ல வளையம் வளையமா இருக்கும் மாமா. நாட்றம்பள்ளி வாலு வெறுசா, ஒரே கலரா இருக்கும். ஒரு தோல் புரியாதா எனக்கு? பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு. மூணையும் சரியாத்தான் சொன்னேன்.”

“அப்ப இது?”

“லேப்ல மாறியிருக்கும்” என்றான். “அங்கயும் மனுஷங்கதான இருக்காங்க? கவர்மெண்ட் கோட்டு போட்டுக்கினா கை தவறாதா? எங்கிட்ட மட்டும் ஏன் கேக்கறீங்க?”

என்னால் அதை மறுக்க முடியவில்லை. சந்தேகப்படுவது என்று வந்துவிட்டால் எல்லோர் மேலும்தான் படவேண்டும். மகளும் அதை ஒப்புக்கொண்டாள். கணக்கைப் பொறுத்தவரை, அந்த வால் அணைக்கட்டுப் பல்லியுடையது. லேபிள் எந்த இடத்தில் தப்பானது, யார் கையில் தப்பானது என்று மரபணு சொல்லாது. “கைடுகிட்ட இதையேதான் சொல்லணும். அவரு மாமாதான்னு முடிவு பண்ணுவாரு” என்றாள்.

“சும்மா அந்த ஒரு குப்பிய மட்டும் தூக்கிப் போட்டுடேன். யாருக்குத் தெரியும்?” என்றாள் மனைவி.

மகள் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் அப்படிச் செய்துவிடுவாளோ என்று அந்த நிமிஷத்தில் நான் சந்தேகப்பட்டேன். செய்தால் நல்லது என்று எனக்குள் ஒரு பாதி நினைத்தது. இந்த இரண்டையும் அவளிடம் நான் சொன்னதில்லை.

“அணைக்கட்டுக்குப் போலாம்” என்றாள் கடைசியில். “மாமா எந்தப் பாறையில புடிச்சாரோ அங்கயே போய் இன்னும் பத்துப் பதினஞ்சு பாப்போம். எல்லாத்துக்கும் வளையம் இருந்தா மாமா சொல்றது சரி. மாமா கண்ணு தவறல, லேப்லதான் ஏதோ ஆயிருக்குன்னு நானே சண்ட போடுறேன்.”

மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “நாளைக்கேவா?”

மறுநாளே போனோம். நானும் போனேன். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பி வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னால் நான் என்ன செய்வது? வேலூர் போய், பஸ் மாறி, அணைக்கட்டில் இறங்கி நடந்தோம். நெல் வயல்களுக்கு மேல் பனி விலகாமல் இருந்தது. மலையடியில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டேன். என் முட்டிக்கு அதற்குமேல் ஏறும் உத்தேசமில்லை. அவர்கள் எனக்குக் கூப்பிடு தூரத்திலேயே, மேலே இருந்த உருண்டைப் பாறைகளுக்கு நடுவில் தேடினார்கள்.

மைத்துனன் பல்லி பிடிப்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன். பாறைக்கு முன்னால் நெடுநேரம் ஆடாமல் நிற்பான். பிறகு ஒரு கை மட்டும் தனியாகப் போய்த் திரும்பும். மூடிய கைக்குள் பல்லி இருக்கும்.

“வளையம்!” என்று முதல் பல்லியைக் காட்டிக் கத்தினான். “மாமா, பாத்துக்குங்க, வளையம்!”

இரண்டாவதும் வளையம். மூன்றாவதும். ஒவ்வொன்றையும் என் திசையில் தூக்கிக் காட்டிவிட்டு, அதே இடுக்கில் விட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் குரலும் ஏறிக்கொண்டிருந்தது. “கவர்மெண்ட் கோட்டு!” என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் மேல் எரிச்சல் வந்தாலும், ஆய்வகத்துக்காரர்கள் மேல் சந்தேகம் வலுக்கத்தான் செய்தது.

பிறகு ஒரு பல்லியைப் பிடித்தவன், காட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. கையை விரித்தும் விரிக்காமலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மகள் பக்கத்தில் போனாள். என்னவென்று தெரியாமல் நானும் எழுந்து, பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறிப்போனேன்.

பல்லியின் வால் பாதிவரைக்கும் வளையம் வளையமாக இருந்தது. அங்கே ஒரு ஒட்டுப்போட்ட மாதிரிக் கோடு. அதற்கப்புறம் நுனிவரைக்கும் வெறுமையாக, ஒரே சாம்பல் நிறம்.

“அறுந்துபோய் மறுபடி வளர்ந்த வால் மாமா” என்றாள் மகள். “வாலு திரும்ப வரும். வளையம் திரும்ப வராது.”

மைத்துனன் பல்லியைத் திருப்பிப் பிடித்தான். கட்டைவிரலால் அந்த வால் நுனியை, தோலின் விளிம்பைத் தடவுவது போல ஒரு தடவை தடவினான்.

“நுனிய மட்டும் வெட்டி டேபிள் மேல போட்டா, இத நான் நாட்றம்பள்ளின்னுதான் சொல்வேன்” என்றான். “சத்தியம் பண்ணிச் சொல்வேன்.”

பல்லியை விட்டான். அது பாறையில் ஒட்டிக்கொண்டு, எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு இடுக்குக்குள் போனது.

“எழுதிடும்மா” என்றான். “மூணு குப்பியும் நான் பாத்துச் சொன்னதுன்னு எழுதிடு. மீதி ரெண்டும் சரியா இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்லு.”

மகள் அப்படியே எழுதினாள். அவன் அக்கா லேபிள் எழுதியதையும் சேர்த்து எழுதினாள். “அய்யய்யோ, என்னையுமா இழுத்து வுட்ட? யுனிவர்சிட்டி முழுக்க என் பேரு நாறட்டும்!” என்று என் மனைவி ஒரு வாரம் பேஜார் பண்ணினாள். பெயர் எங்கும் இல்லை, ‘வீட்டில் உள்ள ஒருவர்’ என்றுதான் போட்டிருக்கிறது என்று மகள் காட்டியபிறகும் அவள் நம்பவில்லை. எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் சந்தேகப்பிராணி என்று சொல்வதற்கில்லை.

கைடு அந்த மூன்று குப்பிகளையும் நீக்கிவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டார். மைத்துனன் விஷயத்தில் உடனே எதையும் சொல்லவில்லை. பை விழுந்ததைவிட, விழவில்லை என்று சொன்னதுதான் அவரை உறுத்தியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பொங்கலுக்கு முந்தின நாள் தகவல் வந்தது. வேலை தொடரும். ஆனால் லேபிள் அவன் கையால் இல்லை; மகள் கூட இருந்து, பிடித்த பாறையிலேயே, ஸ்பிரிட்டில் கரையாத பென்சிலால் சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். நிரந்தர வேலைப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

“அப்ப நான் மலை ஏறுற கூலி” என்று மைத்துனன் இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாள் அன்று கரும்போடு வந்தான்.

தையில் அவர்கள் மறுபடி கிளம்பியபோது நானும் கூடப் போனேன். சொன்னபடி நடந்துகொள்வான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. முதலில் நாட்றம்பள்ளிக் குன்று. ஹைவேயிலிருந்து கண்டெய்னர் லாரிகளின் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. அவன் ஒரு பல்லியைப் பிடித்தான். வாலை வெயிலில் திருப்பி, வழக்கம்போல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். சொல்வதற்கு வாயைத் திறந்தான்.

மகள் பென்சிலோடு காத்திருந்தாள். “சொல்லு மாமா.”

அவன் வாயை மூடிக்கொண்டு, பல்லியை அவளிடம் நீட்டினான்.

“நான் சொல்றது கெடக்கட்டும்” என்றான். “எந்த மலையில நிக்கிறோம், அத எழுது.”